டெல்மரின் பேட்டரியைக் குடிப்பது யார்?

அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலத்துக்கு டிரெய்லர் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு முகாம் போட வருகிற கிழங்கட்டைகள் இரண்டு வகை. தன் பேட்டரியை நம்புகிறவர்கள் ஒன்று, பக்கத்து டிரெய்லர்காரனை நம்பாதவர்கள் இன்னொன்று. டெல்மர் ஹஸ்கி இரண்டாம் வகைக்கு முடிசூடா மன்னர். வடக்கு டகோட்டாவில் தானியக் கிடங்கு நடத்திய காலத்தில், எலி தின்ற கோதுமைக்கு எலியிடமே ரசீது கேட்டவர் என்று பேர்.

அப்பேர்ப்பட்டவரின் டிரெய்லர் பேட்டரிதான் சாயங்காலம் நிறைகுடமாக இருந்துவிட்டு, விடிவதற்குள் காலிக்குடமாகிக்கொண்டிருந்தது. விளக்கு எரியாதது பெரிதில்லை. அவர் மனைவி ஆர்லிஸ் தூங்கும்போது மூக்கில் காற்றைத் தள்ளும் மூச்சு மிஷின் அந்த பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

"மறுபடியும் மிஷின் நின்னுபோச்சு டெல்மர்" என்றாள் அன்று காலை, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. "யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி முழிச்சேன்."

"நேத்து பொழுது சாயும்போது ஃபுல்லா இருந்துச்சே!"

"இருந்துச்சு. ஆனா அப்ப நான் தூங்கலையே. இன்னும் ஒரு ராத்திரி இப்படி ஆச்சுன்னா யூமாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். சுவத்துல பிளக் இருக்கிற வீடு. நீ இந்த டப்பாவை வித்துட்டு வந்து சேரு."

டெல்மருக்கு அந்த டப்பாதான் உயிர். டிரெய்லரை விற்பதற்குப் பதில் இரண்டு சிறுநீரகத்தையும் விற்கச் சொன்னால் கூடச் சரி என்றிருப்பார். அன்றே புலன்விசாரணை தொடங்கியது.

முதல் குற்றவாளி அவருடைய பிக்கப் வண்டி. டிரெய்லரை இழுத்துப் போகும்போது, பின்னால் போகிற கேபிள் வழியாக அது பேட்டரிக்குக் கரண்டு ஊட்ட வேண்டும். ஆனால் இந்தக் காலத்து வண்டிகள் கள்ளப்பயல்கள். தன் வயிறு நிறைந்ததும், பின்னால் ஒருவன் பட்டினி கிடக்கிறான் என்பதை மறந்து படுத்துவிடும். முகப்பு விளக்கைப் போட்டு ஓட்டினால் தூங்காது என்று முகாமில் சொல்லிக்கொள்வார்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்யக் குவார்ட்ஸைட் ஊருக்கு டிரெய்லரை இழுத்துப் போனவர், உச்சி வெயிலில் விளக்கு எரிய, சுற்று வழியில், ஆமை வேகத்தில் ஓட்டினார். எதிரே வந்தவர்கள் சாவு ஊர்வலம் என்று எண்ணி ஓரம் கட்டித் தொப்பியைக் கழற்றினார்கள். பாலைவனத்துக் கழுகுகள்கூடத் தலைகுனிந்ததாகக் கேள்வி.

திரும்பி வந்தபோது மீட்டர் முள் நிறைவைக் காட்டியது. பிக்கப் விடுதலை. கூரையில் இருந்த சோலார் பலகையும் பளபளவென்று இருந்தது. அதுவும் விடுதலை. மிச்சம் ஒரே ஒரு ஆசாமி: பக்கத்து டிரெய்லர் ராய்ஸ் டிபெட்ஸ், ஒரிகன்காரன்.

அவனிடம் இருப்பது தோசைக்கல் அளவுக்கு ஒரே ஒரு சோலார் பலகை. வாசலில் சாய்த்து வைத்திருப்பான். ஆனால் டிவி அலறும், காபி மிஷின் சீறும், வாசலில் கலர் விளக்கு மினுக்கும். அதற்கெல்லாம் கரண்டு வானத்திலிருந்தா வருகிறது? போதாக்குறைக்கு அவனுடைய கிழட்டு நாய் கிரேவி, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் டெல்மரின் டிரெய்லருக்கு அடியில் வந்து, சக்கரத்துக்குப் பின்னால் முதுகை ஒட்டிப் படுத்துவிடும். வேவு பார்க்க வருகிறது என்பதில் டெல்மருக்குச் சந்தேகமே இல்லை.

அவர் மட்டும் இளிச்சவாயரா? தினமும் இருட்டும் வேளையில், யாருக்கும் தெரியாமல், ஆர்லிஸுக்கும் தெரியாமல், ஒரு தந்திரம் செய்வார். பிக்கப்போடு இணைகிற டிரெய்லரின் முன்மூக்கில் கம்பியோடு ஒரு சின்ன ஆணி உண்டு. ஓடும்போது டிரெய்லர் கழன்றுகொண்டால் அந்தக் கம்பி ஆணியைப் பிடுங்கும். உடனே சக்கரங்களில் பிரேக் இறுகும். அந்த ஆணியை அவரே பிடுங்கி வைத்துவிட்டு, விடிந்ததும் திரும்பச் சொருகிவிடுவார். திருடன் யானையைக் கட்டி இழுத்தாலும் டிரெய்லர் அசையாது!

அன்றும் ஆணியைப் பிடுங்கிவிட்டு, நாய் வந்து படுக்கும்வரை காத்திருந்தார். படுத்ததும் பாய்ந்து போய் அதன் கழுத்துப் பட்டையில் வயர் தேடினார்.

"என் நாய் கழுத்துல என்னய்யா தேடுறீங்க?" என்று வந்தான் ராய்ஸ்.

"வயரு! என் பேட்டரியை உறிஞ்சிதானே உன் வீட்டுல டிவி ஓடுது?"

"உம்ம பேட்டரியையா? என் கட்டிலுக்கு அடியில நாலு பேட்டரி தூங்குதுய்யா. கூரை மேல ஏறிப் பாரும், மேலெல்லாம் சோலார்தான். வாசல்ல இருக்கிறது நாய்க்கு நிழலுக்கு."

"பொய்!"

சத்தம் கேட்டு வெளியே வந்த ஆர்லிஸ், "கிழவனுங்க அடிச்சுக்கட்டும், நீ வாடா செல்லம்" என்று குனிந்து நாயை இழுத்தாள். சக்கரத்துக்குப் பின்னால் பட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"டெல்மர், மத்தியானத்துலேர்ந்து வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. சக்கரத்துக்குள்ள ஏன் அடுப்பு மாதிரி இருக்கு?"

ராய்ஸ் தொட்டுப் பார்த்தான். நேரே முன்மூக்குக்குப் போனான். "ஆணியை யாரு பிடுங்கினது?"

டெல்மர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். தினமும் நான்தான். பிரேக் இறுகிக் கிடக்கும்ல, எந்தத் திருடனும் அசைக்க முடியாது."

"பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதே உம்ம பேட்டரிதான்யா! நாலு சக்கரமும் சேந்து உறிஞ்சினா விடியிறவரைக்கும் என்ன மிஞ்சும்? அந்தச் சூட்டுலதான் என் நாய் குளிர் காய வந்திருக்கு."

ஆர்லிஸ் பார்த்த பார்வையில் அந்தப் பக்கத்துக் கள்ளிச்செடி ஒரு சாண் குட்டையாகிவிட்டது. டெல்மர் ஆணியைத் திரும்பச் சொருகினார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் ஆர்லிஸ் எழுந்தாள். கன்னம் ஆப்பிள் மாதிரி இருந்தது. "மார்ச் வரைக்கும் இருப்போம்" என்றாள். டெல்மருக்கு உயிர் திரும்பியது.

அப்போது ராய்ஸ் ஒரு கனத்த பூட்டோடு வந்தான். "முன்மூக்குல இதை மாட்டுங்க. திருட்டுக்கும் பயமில்ல, கரண்டும் குடிக்காது. எங்கிட்ட சும்மாதான் கிடக்கு."

டெல்மர் நன்றி சொன்னார், மன்னிப்பும் கேட்டார். பிறகு நாக்கு சும்மா இருக்காமல், "இதுக்கு எத்தனை சாவி?" என்றார்.

"ரெண்டு" என்று இரண்டையும் அவர் கையில் கொடுத்தான் ராய்ஸ்.

"ரெண்டையும் குடுத்துட்டீங்கல்ல? மூணாவது எதுவும்..."

ஆர்லிஸ் அவர் கையிலிருந்து ஒரு சாவியை உருவி ராய்ஸின் உள்ளங்கையில் வைத்தாள். "இவன் ரெண்டையும் தொலைப்பான். இது உங்ககிட்டயே இருக்கட்டும்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு ஏதாச்சும் ஆட்சேபம் இருக்கா டெல்மர்? யூமா இங்கேர்ந்து பக்கம்தான்."

டெல்மர் வாயைத் திறந்தார். ராய்ஸின் சட்டைப்பைக்குள் சாவி போவதைப் பார்த்தார். மனைவியின் கன்னத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார், முழுப் பூசணிக்காயை விழுங்கினவரைப் போல.