ஒரு வெள்ளிக்கு உல்லாசக் கடற்பயணம்

பினாங்குத் தமிழர் சரித்திரத்தில் இதுவரை எழுதப்படாத பக்கம் ஒன்று வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுதப்படும். உலகைச் சுற்றிப் பார்க்கப் பெரிய கப்பல்களில் வந்திறங்கும் துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் நாம் எவ்விதத்திலும் சளைத்தவர்கள் அல்லர் என்பதை நிரூபிக்கும் பொருட்டு, தமிழர் மேன்மைச் சபையார் நீராவிக் கப்பலேறி, ஜெரெஜாக் தீவை வலம் வந்து, மத்தியானம் கரை திரும்புவார்கள். கட்டணம் தலைக்கு ஒரு வெள்ளிக் காசு. பெண்களும் வரலாம்.

இப்படி அச்சடித்த நோட்டீஸை சூலியா தெருவிலிருந்து ஜெலுத்தோங் வரை ஒட்டவைத்தவர் சபையின் காரியதரிசி ஜெயராஜ். வார நாட்களில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டில் ரோஜாப்பூ குத்திய கனவான். மலிவான கடற்பயணம் தேடி அவர் கப்பல் ஆபீஸ் படிகளையெல்லாம் ஏறி இறங்கினார். மேடானுக்குப் போய்வரக் கேட்ட கட்டணத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். லங்காவிக்கென்றால் மாடுகளோடு நின்றுகொண்டு போகலாம் என்றார்கள். கடைசியில் அகப்பட்டது நாகூர் மீரானின் கொப்பரைத் தேங்காய்ப் படகு. மத்தியானம் சரக்கு ஏற்றும்வரை அது ஜெட்டித் துறையில் சும்மா கிடக்கும். அந்தச் சும்மாவைத்தான் ஜெயராஜ் மலிவு வாடகைக்குப் பிடித்தார். அன்று முதல் அதற்குக் கப்பல் என்று பெயர்.

ஜெலுத்தோங் பசாரில் கீரை விற்கும் வடிவம்மாள் நோட்டீஸை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அன்றே சீட்டு வாங்கிவிட்டாள். புருஷன் நல்லமுத்து ஜெட்டியில் மூட்டை தூக்குபவன். அவன் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான்.

"நாகப்பட்டணத்துலேருந்து கப்பல்ல வந்தது பத்தலையா ஒனக்கு?"

"அது வந்தது இல்ல. ஏத்திவிட்டாங்க."

"ஜெரெஜாக்ல என்னா இருக்கு பாக்குறதுக்கு?"

"யாரு பாக்கப் போறா? துப்பப் போறேன்."

நல்லமுத்துவுக்கும் தெரிந்த கதைதான். கல்யாணமான புதிதில் இருவரும் கப்பலின் மேல்தளத்தில் வெயிலோடு வந்தார்கள். அறையெடுத்து வந்த கனவான்கள் நேரே பட்டணத்தில் இறங்கினார்கள். தளத்தில் வந்தவர்களை மட்டும் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்புக் காவல் முகாமுக்கு ஓட்டிப் போனார்கள். வியாதி டிக்கெட்டின் விலையைப் பார்த்து வரும் என்பது அந்நாளைய விஞ்ஞானம். மருந்துத் தண்ணீரில் முக்கியெடுத்தார்கள். கல்யாணச் சேலையை ஆவியில் அவித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சேலையை அவள் பிறகு உடுத்தவே இல்லை. அந்தத் தீவின் பக்கமாக, காசு கொடுத்த பிரயாணியாக, உட்கார்ந்த மேனிக்குப் போய் ஒரு வாய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வரவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படகின் வலப்புறம் முழுவதும் 'தமிழர் மேன்மைச் சபை' என்று வெள்ளைத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பிரம்பு நாற்காலிகளில் நிர்வாகிகள் அமர்ந்தார்கள். வெள்ளி கொடுத்தவர்களுக்குக் காலிச் சாக்கு. வடிவம்மாள் கீரைக் கடைப் பலகையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"மீரான் அண்ணே, ஜெரெஜாக் எந்தப் பக்கம் வரும்?"

"சோத்தாங்கைப் பக்கம், தங்கச்சி."

அவள் அந்தப் பக்க ஓரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் அதக்கினாள். மீரான் இன்ஜின் பக்கம் திரும்பினார்.

"பொறுங்க பாய்," என்றார் ஜெயராஜ். "இன்ஜின் ஓடினா பேச்சு ஒண்ணும் காதுல விழாது. வரவேற்பு முடியட்டும்."

வரவேற்பு முடிந்தது. உடனே வரவேற்றவருக்கு மாலை போட்டார்கள். மாலை போட்டவர் நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டார். பிறகு சபைத் தலைவர் எழுந்து, சோழ மன்னன் கடல் கடந்து கடாரத்துக்கு வந்ததைப் பேச ஆரம்பித்தார். கயிறு கட்டிக் கிடந்த படகில் நின்றுகொண்டு அவர் பேசிய நேரத்தில் சோழன் வந்து, வென்று, ஊருக்கே திரும்பியிருப்பான்.

"ஐயா, வெயில் ஏறுதுலா," என்று மீரான் நினைவூட்டினார். "மத்தியானம் எனக்குக் கொப்பரை ஏத்தணும்."

"தமிழன் பெருமைய நடுவுல நிறுத்தச் சொல்றீங்களா, பாய்?"

சாக்கில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "சீட்டு வாங்குனது தீவு பாக்கவா, இவரு தொண்டையப் பாக்கவா?" என்று உரக்கவே கேட்டார். தலைவர் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார். வடிவம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சாறு வீணாகிவிடும். கன்னம் உப்பிக்கொண்டே போனது.

பொருளாளர் வாழ்த்துப்பா படித்துக்கொண்டிருந்தபோது கொப்பரை வண்டிகள் வந்து நின்றன. முதல் மூட்டையோடு ஏறுபலகை வழியாக வந்தவன் நல்லமுத்து. பெண்டாட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அதுக்குள்ள சுத்திட்டு வந்துட்டியா? துப்பிட்டியா?"

வடிவம்மாள் எழுந்தாள். ஓரத்தில் குனிந்தாள். தீவுக்கென்று காலையிலிருந்து சேர்த்துவைத்தது முழுவதையும் வெள்ளைத் துணியின் மேல் துப்பினாள். 'மேன்மை' என்ற இடம் சிவந்து வழிந்தது.

"என்னம்மா இது அநாகரிகம்!" என்று ஜெயராஜ் துள்ளினார். "சபையோட பேரு மேல..."

"எனக்கு எழுத்துத் தெரியாது, ஆளத் தெரியும்," என்றாள். வாய் இப்போது காலி. "அன்னிக்கு ஓட்டாண்டியா வந்தேன், மருந்துத் தண்ணில முக்குனாங்க. இன்னிக்கு முழுசா ஒரு வெள்ளி குடுத்து வந்தேன், பேச்சுல முக்கிட்டீங்க. அவங்களாச்சும் கப்பல ஓட்டுனாங்க!"

சாக்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "இருங்க, இருங்க, நன்றியுரை பாக்கி இருக்கு," என்று ஜெயராஜ் இரு கைகளையும் விரித்து மறித்தார். நல்லமுத்து சுமந்திருந்த மூட்டையை அவருடைய பிரம்பு நாற்காலியில் இறக்கினான். வடிவம்மாள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பயணம் இனிதே நிறைவேறியது என்றும், கடற்காற்று பிரயாணிகளின் தேகத்துக்கும் அறிவுக்கும் ஒருசேர நலம் அளித்தது என்றும், சென்றவர் அனைவரும் அடுத்த ஆண்டும் இதுபோல் அழைத்துச் செல்லுமாறு சபையாரைக் கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டனர் என்றும் ஜெயராஜ் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார்.

படகு அன்று சாயங்காலம் ஜெரெஜாக்கைத் தாண்டிப் போனது. அதில் கொப்பரை இருந்தது.