கோகிலவாணி முடி காணிக்கைக் குழு

வீரம்மா சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு பொய்க்கு எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லவேண்டியதாகிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் ராஜேஸ்வரியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, கோகி ஏன் முடிய கழுத்தோட வெட்டியிருக்கா? காலைல பாசார்ல காய் வாங்கப் போனப்ப பாத்தேன். கூப்பிடக் கூப்பிட நிக்காம போறா. என்ன விஷயம்?"

விஷயம் இதுதான்: வீரம்மாவின் ஒரே மகள் கோகிலவாணிக்கு மார்பில் வந்த கட்டி புற்றுநோய் என்று உறுதியாகிப் பதினெட்டு நாள் ஆகிறது. வரும் செவ்வாய்க்கிழமை முதல் கீமோ. இரண்டாவது வாரத்திலேயே முடி கொட்டத் தொடங்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆகாத பிள்ளை, சொந்தக்காரர் யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று மகளிடம் தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள் வீரம்மா. அந்தப் பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"வேண்டுதல் ராஜேஸு. முருகனுக்கு மொட்டை போடப் போறா."

இருபத்தெட்டு வயதுப் பெண் மொட்டை போடுவது சின்னச் சமாச்சாரமா?

"என்ன வேண்டுதல்?"

"நல்லது நடக்கணும்னுதான்."

போதாதா? ராஜேஸ்வரி பண்டமாரானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். தினமும் இருபது பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குகிறவள். ஒரு காரியத்தைத் தொட்டால் பாதியில் விடுகிற ஆள் இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு நல்லது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சாயங்காலத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்து, கோயிலில் அன்னதானத்துக்குச் சொல்லி, மஞ்சள் டீ-சட்டைக்கு அளவு கேட்டுக் குடும்ப வாட்சப்பில் போட்டுவிட்டாள். சட்டையின் முதுகில், 'கோகிலவாணி முடி காணிக்கைக் குழு.'

இதையெல்லாம் கோகி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், வேலை முடிந்து அறைக்கு நடந்துகொண்டிருந்த அவள் தோழி லோகேஸ்வரி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

லோகேஸ்வரிக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்பார்கள் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவர்கள். அது தப்பு. காரணம் எப்போதும் இருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள், அவ்வளவுதான். கம்போங் மேடான் அடுக்குமாடியில் ஒரு லோரி ஓட்டுநரின் வீட்டில் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள். விண்ணப்பப் பாரம் நிரப்ப, கவுண்டரில் நின்று சண்டை போட, ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல, பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுக்கு அவள்தான். தான் போகாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துபோன உண்மை.

"சிரிக்காதடி," என்றாள்.

"எப்படி சிரிக்காம இருக்குறது? மாப்பிள்ளை வேணும்னு முடி குடுக்குறேனாம். மொட்டைப் பொண்ண எவன் கட்டுவான்? அத்தை அதக்கூட யோசிக்கல பாரேன்."

"உண்மைய சொல்லித் தொலைங்க. உங்கம்மாவுக்குத்தான் புத்தி இல்லன்னா உனக்குமா?"

"அம்மா தலையில சத்தியம் பண்ணியிருக்கேன். எனக்கும் வேணாம் லோகேஸ். எல்லாரும் வந்து வரிசையா உக்காந்து, ஐயோ கெசியான், ஐயோ பாவம்னு பாப்பாங்க. செத்த வீடு மாதிரி. நான் இன்னும் சாகலயே."

"மூணு வாரத்துக்கு ஒரு தடவ. ஆறு தடவ. நீயே கார் ஓட்டிட்டுத் திரும்பி வரக்கூடாதுன்னு நர்ஸ் எழுதியே குடுத்தாங்க. ஆன்டிக்கு ஓட்டத் தெரியாது. யாரு போறது?"

"நீதான். ஆறு தடவையும் நானேன்னு நீதானே மார தட்டுன?"

தட்டியது உண்மை. லோகேஸ்வரி புது வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அன்று மத்தியானம்தான் மேனேஜர் அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, முதல் செவ்வாய்க்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதியைத் திருப்பித் தள்ளியிருந்தான். 'கூட்டாளிக்கெல்லாம் லீவு குடுக்க முடியாது லா, குடும்பம்னா பரவால்ல.' அவன் மேஜையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி எறியாமல் வந்ததே பெரிய விஷயம்.

இதைச் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பக்கம் கோகி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான்," என்றாள் லோகேஸ்வரி. "வரேன். ஆறு தடவையும்."

ஆக, அந்த வாரம் பொய் சொன்னவர்கள் இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முருகன் கோயில் வாசலில் எங்கு பார்த்தாலும் மஞ்சள். ராஜேஸ்வரியின் பள்ளி வேனிலிருந்து மட்டும் பதினேழு பேர் இறங்கினார்கள். லோகேஸ்வரி கறுப்புச் சட்டையில் வந்திருந்தாள். வந்த இரண்டாவது நிமிடத்தில் யாரோ ஒரு மஞ்சள் சட்டையை அவள் தலைவழியே மாட்டிவிட்டார்கள்.

பலாமரத்தடியில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவன் தனியாக நின்றான். லோகேஸ்வரி நேராகப் போனாள்.

"நீங்க யாரு?"

"தனேஷ். ஊரு பந்திங். செம்பனை எண்ணெய் ஆலையில வேலை."

"பொண்ணு பாக்க வந்தீங்களா?"

அவன் முகம் வெளிறிவிட்டது. "பொண்ணா? அன்னதானம்னுதான் ராஜேஸ்வரி ஆன்டி கூப்பிட்டாங்க. நல்ல சட்டையா போட்டுட்டு வாடான்னாங்க. அப்பவே எனக்குச் சந்தேகம்."

கோயிலுக்குப் பின்பக்கம், தண்ணீர்க் குழாயடியில் முடி இறக்குகிறவர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கோகி கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. அவர் புதுப் பிளேடைப் பிரித்தார்.

"அண்ணே, பிளேடு வேணாம். மெஷின்ல எடுங்க," என்றாள் லோகேஸ்வரி.

"மெஷின்ல எடுத்தா அது ஹேர்கட்மா. காணிக்கைன்னா பிளேடுதான்."

"தலையில கீறல் விழக்கூடாது அண்ணே."

"முப்பது வருசமா எடுக்குறேன். என் கையில கீறலா?"

ராஜேஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தா பொண்ணு, சாமி காரியத்துல என்ன மெஷினு? வேண்டுனவளே சும்மா உக்காந்திருக்கா. நடுவுல நீ யாரு? நாலு எழுத்துப் படிச்சிட்டா கோயிலுக்கும் சட்டம் போடுவீங்களோ?"

நாலு எழுத்து என்ற சொல் எங்கே போய்த் தைக்கவேண்டுமோ அங்கே போய்த் தைத்தது. லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். சொல்லியிருப்பாள், மொத்தத்தையும் கொட்டியிருப்பாள். வீரம்மா தூரத்திலிருந்து கையெடுத்துக் கும்பிடுகிறமாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கீழிருந்து ஒரு கை லோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அவளத் திட்டாதீங்க அத்தை," என்றாள் கோகி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்குக் கேன்சர். மார்புல. செவ்வாய்க்கிழமை கீமோ ஆரம்பிக்கிறாங்க. தலையில வெட்டுக்காயம் இருந்தா கிருமி போயிடும்னு டாக்டர் சொன்னாரு. வேண்டுதலும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. எப்படியும் கொட்டப்போற முடி. அம்மா சமாளிக்கத் தெரியாம சொல்லிட்டாங்க."

முடி இறக்குகிறவர் பிளேடைக் கீழே வைத்தார். உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அடுப்படியில் மட்டும் யாரோ விஷயம் தெரியாமல் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

கோகி எதற்குப் பயந்தாளோ அந்தப் பரிதாபப் பார்வை இப்போது வரும் என்று லோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஐயோ பாவம் என்று முதலில் சொல்கிற வாயை எப்படி மூடுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தாள். ராஜேஸ்வரி கோகியைப் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று அண்ணன் மனைவியிடம் போனாள்.

"ஏன் அண்ணி, கேசரிக்கு முந்திரி போடலாமா வேணாமான்னு பத்து தடவ போன் பண்ணத் தெரிஞ்சுது. இதச் சொல்ல வாய் வரலியா? எங்கண்ணன் போனப்ப பதினாறு நாளு உங்க பக்கத்துலயே படுத்துக் கிடந்தேனே, நான் என்ன ரோட்டுல போறவளா?"

"நீ ஊரெல்லாம் சொல்லிடுவ ராஜேஸு," என்று வீரம்மா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"சொல்லுவேன்தான்! சொன்னாத்தானே நாலு பேரு வருவாங்க! யாருக்கும் தெரியாம வெச்சிருந்தா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? உங்க கேன்டீன் சட்டியா?"

"லோகேஸ் கூட்டிட்டுப் போறா," என்றாள் கோகி. "ஆறு தடவையும்."

எண்பது பேரும் லோகேஸ்வரியைப் பார்த்தார்கள். மஞ்சள் சட்டை அவளுக்குக் கழுத்தில் இறுக்கியது.

"ஒரு தடவதான்டி," என்றாள். "ஒரு நாள்தான் லீவு குடுத்தான். புதன்கிழமையே தெரியும்."

"அப்புறம் எதுக்கு வரேன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? என்ன விட்டா உனக்கு வேற யாருடி இருக்கா?" கோபமாகத்தான் கேட்டாள். பாதியில் குரல் உடைந்துபோனது அவளுக்கே அவமானமாக இருந்தது.

கோகி பலகையில் உட்கார்ந்தபடியே சுற்றிலும் பார்த்தாள். எண்பது மஞ்சள் சட்டை. எண்பது முதுகிலும் அவள் பெயர். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று வீரம்மா ஓடிவந்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் லோகேஸ்வரிக்கும் அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. முடி இறக்குகிறவர் எழுந்துபோய் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து மெஷினை எடுத்துவந்து, கொதிநீரில் முனையைத் துடைத்தார். "ஒரு கொத்து கத்திரிக்கோல்ல சாமிக்கு. மீதி மெஷின்ல டாக்டருக்கு. சரியாம்மா?" என்று லோகேஸ்வரியிடமே அனுமதி கேட்டார். முடி விழ விழ, அத்தைமாரும் மாமிமாரும் பக்கத்திலேயே நின்று சண்டை போட்டார்கள். யார் கஞ்சி கொண்டுவருவது, கஞ்சி ஆகுமா, கீமோவுக்குப் புளி ஆகாதாமே, உனக்கு யார் சொன்னது, என் நாத்தனாருக்கு ஆயிருந்துச்சே, எப்ப ஆச்சு, ஏன் எங்ககிட்ட சொல்லல?

ராஜேஸ்வரி பள்ளி வேன் பெயர்ப்பட்டியலின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டாள். ஏழரைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் கோகியை ஏற்றிக்கொண்டு போவாள். ஆனால் ஒரு மணிக்குப் பிள்ளைகளைத் திரும்ப எடுக்கவேண்டும். திருப்பிக் கூட்டிவர ஆள் வேண்டும்.

பலாமரத்தடியிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"நான் மாத்தி மாத்தி ஷிப்ட். ராத்திரி வேலைன்னா பகல்ல ஃப்ரீ," என்றான் தனேஷ். "பொண்ணு பாக்குற கதையெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டத் தெரியும்."

"வழியில வாந்தி எடுப்பேன்," என்றாள் கோகி, பாதி மொட்டையோடு.

"பழைய கார்தான். பரவால்ல."

"பாத்தீங்களா அண்ணி," என்று ராஜேஸ்வரி ஆரம்பித்தாள். கோகி முறைத்த முறைப்பில் பேனாவைப் பார்த்துக்கொண்டாள்.

பட்டியல் முடிந்து கைக்கு வந்தபோது லோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறில் அவள் பெயர் இருந்தது ஒன்றில்தான். யாருமே இல்லை என்று நான்கு நாளாகத் தூக்கமில்லாமல் கிடந்தவள், இப்போது தனக்கு ஒன்றுதானா என்று சண்டை போட்டாள். சாயங்காலங்களையும் சனி ஞாயிறுகளையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, கடைசிப் பிள்ளை இறங்கிய கையோடு பள்ளி வேன் ஆஸ்பத்திரிக்குப் போனது. கோகி முன்னிருக்கையில். தலையில் துணி கட்டவில்லை. காற்றுப் பட்டால் குளுகுளுவென்று இருக்கிறது என்றாள். அவள் கை மட்டும் பின்னால் நீண்டு லோகேஸ்வரியின் விரல்களைப் பிடித்திருந்தது.

சிகிச்சை அறை வாசலில் நர்ஸ் ஒரு விரலைக் காட்டினாள். "சத்து ஓராங் சாஜா." நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம்.

லோகேஸ்வரி பையைத் தோளில் ஏற்றினாள். அந்தப் பையில் கேள்விகள் எழுதிய மூன்று பக்கம் இருந்தது. கோகி அவளையும் பார்த்தாள். சுவரோரமாக, தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லி முதல்முறையாக லீவு வாங்கி வந்திருந்த அம்மாவையும் பார்த்தாள்.

"அம்மா வரட்டும்டி," என்றாள்.

சுருக்கென்றது. மறுத்துப் பேச நூறு நியாயம் இருந்தது. லோகேஸ்வரி மூன்று பக்கத்தையும் எடுத்து வீரம்மாவின் கையில் கொடுத்தாள். "ஒண்ணு விடாம கேளுங்க ஆன்டி. பதில் சொல்லலன்னா விடாதீங்க."

கதவு மூடிக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது லோகேஸ்வரிக்குப் பழக்கமில்லாத வேலை. எழுந்தாள், நடந்தாள், அறிவிப்புப் பலகையில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தாள். ராஜேஸ்வரி நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"சாப்பிடு. உள்ள இருக்குறவளுக்காக நீ பட்டினி கிடந்தா மருந்து உனக்கா ஏறப்போவுது?"

பாதி சாப்பிடும்போது கோகியின் குரல் செய்தி வந்தது. இரண்டு பேரும் ஒரே போனில் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"ஊசி போட்டாச்சு. மருந்து ஏறுது. பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல லோகேஸ். அம்மாதான் தாங்கல. பக்கத்துல இருக்குற சீன ஆன்டிகிட்ட என் கதைய முழுசா மலாய்ல சொல்லிட்டாங்க. அடுத்த நாற்காலி பாட்டிக்கும் சொல்லியாச்சு. இப்ப நர்ஸுக்கு. மூணு பக்கத்துல ரெண்டாவது பக்கம் போயிட்டிருக்கு, டாக்டர் ஓடிட்டாரு. ஏய், காலு ஜில்லுன்னு இருக்குடி, சாக்ஸ் கொண்டாரல."

ராஜேஸ்வரி வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். லோகேஸ்வரி அதற்கு முன்பே எழுந்து, சம்பல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காருங்க அத்தை," என்றாள். "இன்னைக்கு என் முறை."

எதிரே இருந்த கடையை நோக்கி ஓடினாள்.