அண்ணாச்சிக்குப் பசிக்கக்கூடாது

கடல் சூடாகிப்போன பிறகு, சுறாக்கள் பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்கின. பிலோமினாவும் அவள் புருஷன் சவரிராயனும் பார்த்துக்கொண்ட லாட்ஜில், ஆறாம் நம்பர் அறையில், தூத்துக்குடிப் பக்கத்துச் சுறா ஒன்று இருந்தது. அவர்கள் அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

தண்ணீர் வேண்டும் என்று அண்ணாச்சி ஒருநாளும் கேட்டதில்லை. ஜன்னல் வழியாக வரும் மூடுபனியே அவருக்குப் போதும். அதில் முழங்கால் உயரத்தில் மிதந்தபடி கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவார். நின்றால் மூச்சு முட்டும் என்பதால் தூக்கத்திலும் சுற்றுவார். குளிர் இருக்கும்வரை அவரைப்போல் ஒரு தங்கமான மனிதரைப் பார்க்க முடியாது. கடலில் இருந்த காலத்தில் தான் செய்ததையெல்லாம் அவரே சொல்லி வெட்கப்படுவார். எல்லாம் இருக்கிற இடத்தைப் பொறுத்தது தங்கச்சி என்பார்.

சூடுதான் அவருக்கு ஆகாது. உடம்பில் சூடு ஏறினால் பசி வந்துவிடும். அதனால் லாட்ஜில் கீசர் கிடையாது, அடுப்பும் கொல்லையில் தகரக் கொட்டகையில்தான். போன வருடம் பக்கத்துத் தெரு லாட்ஜில், தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி குளிருகிறது என்று அடம்பிடிக்க, கணப்பு மூட்டிக் கொடுத்தார்கள். அந்த ஜோடியின் செருப்புகள் இன்னும் அங்கே வராந்தாவில் கிடக்கின்றன. எடுத்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பிலோமினாவின் ஆறு மாதக் குழந்தை அனிட்டாவுக்குச் சளி பிடித்தது. பிள்ளையைச் சூடாக வைத்துக்கொள்ளாவிட்டால் நெஞ்சில் இறங்கிவிடும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். மலையை விட்டு இறங்கிவிடலாம் என்றால், மண் சரிந்து வத்தலக்குண்டு சாலை அடைத்துக் கிடந்தது. தெரிந்தவர்கள் யார் வீட்டுக்காவது போகலாம் என்றால், வீட்டுக்கு ஒரு சுறா தங்கியிருக்கிற சீசன் அது. பிலோமினா இருந்த அறைக்கும் ஆறாம் நம்பருக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. ஜன்னல்களைச் சாத்தினால் அண்ணாச்சிக்கு மூச்சு நிற்கும். நெருப்பு வைத்தால் அண்ணாச்சிக்குப் பசிக்கும்.

மத்தியானம் அவள் ஒரு சட்டியில் கொஞ்சம் கரி நெருப்பை அள்ளிவந்து தொட்டில் பக்கத்தில் வைத்தாள். பிள்ளையின் இழுப்பு குறைந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சுற்றுகிற சத்தம் கொஞ்சம் வேகமானது.

“தங்கச்சி, இன்னைக்கு என்ன சமையல்?” என்றார் அண்ணாச்சி.

வந்த நாளிலிருந்து அவர் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. சவரிராயன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். அண்ணாச்சி அமைதியானார், பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. சட்டி மறுபடி உள்ளே வந்தது. இந்த முறை அண்ணாச்சி, பிள்ளை என்ன எடை இருக்கும் என்று விசாரித்தார். அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. சவரிராயன் கொல்லையில் மேய்ந்த கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றாக ஆறாம் நம்பர் கதவுக்குள் விட்டான். கோழிகள் தீர்ந்தன, பசி தீரவில்லை. சட்டியை உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதுமாகப் பொழுது சாய்ந்தது. பிள்ளையைக் குளிர் கொண்டுபோகுமா, அண்ணாச்சி கொண்டுபோவாரா என்று பிலோமினா சட்டியையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில், அண்ணாச்சியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். சட்டியை வெளியே வைக்கச் சொல்லி, அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறாம் நம்பருக்குப் போனாள். அவர் நிற்க முடியாதவர் என்பதால் அவளும் கூடவே கட்டிலைச் சுற்றி நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணாச்சி இரண்டு சுற்று யோசித்தார்.

“எனக்கு வெளியதான் குளிரு வேணும் தங்கச்சி. உள்ள எப்பவும் சூடுதான். எங்க ஆளுகள்ல சில பேருக்கு ரத்தம் அப்படி. பிள்ளைய இங்க தா.”

வாயைத் திறந்தார். ரொட்டி அடுப்பைத் திறந்ததுபோல் வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் அடித்தது. பற்கள் வரிசை வரிசையாக இருந்தன.

“பல்லு?” என்றாள் பிலோமினா.

“படாம பாத்துக்கிடுதேன். எனக்குப் பசிக்க மட்டும் விட்ராதம்மா.”

அவள், பின்னாலேயே வந்து வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, கழுத்தைத் தாங்கிப் பிடித்து உள்ளே வைத்தாள். வாய் மெதுவாக மூடியது.

சவரிராயன் கரியில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு வந்தான். இருந்த ஜன்னல்களையும் கதவுகளையும் முழுக்கத் திறந்தான். தங்கள் உடம்புச் சூடு அறையில் தங்கிவிடக்கூடாது என்று இரண்டு பேரும் மூச்சைக்கூட ஜன்னல் பக்கம் திரும்பித்தான் விட்டார்கள். அண்ணாச்சி சுற்றினார், பிலோமினா கூடவே நடந்தாள். உள்ளே அனிட்டா இருமுவது கேட்டது. அடுத்த சுற்றில் கொஞ்சம் குறைவாகக் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, பசிக்கலைல்ல?”

அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஒரு தரம் எச்சில் விழுங்கினார். பிலோமினா நடையை விடவில்லை.

அப்போது அவருடைய செவுள் கீற்றுகளில் மூன்றாவதன் வழியாக ஒரு சின்னக் கை வெளியே வந்தது. விரல்களை விரித்துப் பனியைப் பிடிக்கப் பார்த்தது. பிலோமினா நடந்தபடியே அதைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா சூடா இருக்கு,” என்று புருஷனிடம் சொன்னாள்.

சவரிராயன் ஏணியை எடுத்துவந்து, சுவரில் சாய்த்து, பனி இறங்கக் கூரை ஓடுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.