இரண்டாவது குழாய்

எம்மெட் ஸ்பானரை இடப்பக்கம் தள்ளினார். குழாயின் கழுத்தில் இருந்த வளையம் அசையவில்லை. குளிர்ப்பெட்டியின் கதவில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, முகம் சிவக்க, இன்னொரு முறை தள்ளினார்.

"இறுகிப் போச்சு அண்ணி. அண்ணன் இதை மாட்டினதோட சரி, கழட்டவே இல்ல போலிருக்கு."

ஆர்லிஸ் நிலவறைப் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். எதையோ எடுக்கத்தான் கீழே வந்தாள். மடிப்பு நாற்காலிகளா, மேஜைவிரிப்பா என்பது நினைவுக்கு வரவில்லை.

"வலப்பக்கம் திருப்பு," என்றாள்.

"கழட்டுறதுக்கு இடப்பக்கந்தானே?"

"அந்த வளையத்துக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். உங்கண்ணன் ஒவ்வொரு தடவையும் மறந்துட்டு, என்னைத்தான் திட்டுவாரு."

எம்மெட் வலப்பக்கம் திருப்பினார். வளையம் உடனே இளகி, குழாய் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அண்ணனின் வீட்டில் திருடிவிட்டவர் போல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒரு விஷயம் தன் தலைக்குள் இருபது வருடமாகக் கிடந்தது ஆர்லிஸுக்கே தெரியாது.

அவள் கணவர் டெல்மர் செவ்வாய்க்கிழமை காலை இந்தக் குளிர்ப்பெட்டிக்கு முன்னால்தான் விழுந்து இறந்தார். இன்று வெள்ளி. நாளை பதினொரு மணிக்குத் தேவாலயத்தில் ஆராதனை, பிறகு அடக்கம், அதற்குப் பிறகு எல்லோரும் இங்கேதான் வருவார்கள். அந்தத் தெருவில் கல்யாணமோ சாவோ, ஆட்கள் கடைசியில் டெல்மரின் நிலவறையில்தான் வந்து நிற்பார்கள். பழைய குளிர்ப்பெட்டி ஒன்றின் தட்டுகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே பீர்ப் பீப்பாயை நிறுத்தி, கதவைத் துளைத்து வெளியே குழாய் வைத்திருந்தார். காகித ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவு ஒரு சின்ன ராஜாங்கம்.

பீப்பாய் போன சனிக்கிழமைதான் வந்தது. நிறைந்திருந்தது. குழாய்தான் ஒரு வருடமாக ஒழுகியது. உள்ளே காய்ந்து பிசுபிசுத்து, காலையில் திறக்க வராது, திறந்தால் மூடாது. அதை மாற்றும் வேலையில்தான் அவர் இருந்தார். ஆனால் மேஜைமேல் இருந்த அட்டைப்பெட்டியில் இரண்டு புதுக் குழாய்கள் இருந்தன. கதவில் பழைய துளைக்குப் பக்கத்தில், நான்கு விரல் தள்ளி, புதிதாக இன்னொரு துளை. அதன் விளிம்பில் தகடு இன்னும் பிசிராக நின்றது.

"எதுக்கு அண்ணி ரெண்டு?" என்று எம்மெட் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

அவளுக்கு டிரில் ஓடிய சத்தம் தெரியும். மேலே உருளைக்கிழங்கு சாலடுக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தாள். முட்டை பன்னிரண்டு நிமிடம் வெந்தது. பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு ஆற வைத்தாள். ஆறு முட்டை உரித்தாள். அதன் பிறகுதான் காப்பிக்குக் கூப்பிட்டாள். விழுந்த கணமே உயிர் போயிருக்கும், கீழே ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. ஆனால் மனது முட்டையிலிருந்துதான் திரும்பத் திரும்ப எண்ணத் தொடங்கியது. பன்னிரண்டு, ஆற ஐந்து, உரிக்க எவ்வளவு?

மூன்று நாளாக எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. போதகர் போனில் ஆராதனையில் பாட வேண்டிய பாட்டு எண்களைக் கேட்டபோது தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொல்லியிருக்கிறாள். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டு, "கடைசிப் பாட்டு நம்ம புத்தகத்துல இல்லையே ஆர்லிஸ்," என்றார்.

முன்பு மூன்று வாரம் டெல்மர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, விலைப்பட்டியலில் குழாய் தேடினார். அவள் எதிரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"குரோம் பூச்சுன்னா பாதி விலைதான். ஆனா அஞ்சு வருஷத்துல பூச்சு போயி உள்ள பித்தளை தெரியும். வாயில காசு வெச்ச மாதிரி ருசி வரும். எவர்சில்வரா வாங்கிடவா?"

"வாங்குங்க."

"இதுல அடைக்கிற மூடி முன்பக்கம் இருக்காம். பீர் உள்ள நிக்காது, காயாது. பழசு மாதிரி ஒட்டிக்காது."

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதை வாங்குங்க டெல். குடிக்கப் போறது நானா?"

பிறகு ஒருநாள் அவர் வேறு ஏதோ கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவள் ஏழெழுத்துச் சொல் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தாள். "ம்," என்றாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்ன கேட்டார்? கேள்வி எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மகன் லோரன் இறங்கி வந்தான்.

எம்மெட் சட்டென்று நகர்ந்து குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்றார். அவ்வளவு பெரிய பெட்டியை அந்த ஒல்லி உடம்பால் மறைத்துவிட முடியும் என்பது போல.

"சித்தப்பா, அது வெறும் ஃப்ரிட்ஜ். கடிக்காது," என்றான் லோரன்.

"இல்லடா, நான் சும்மா..."

"நேத்து வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் என்னைக் கீழ விடாம காவல் காக்குறீங்க. அம்மா, நான் குடிச்சு பதினாலு மாசமாச்சு. எங்கப்பா செத்த வாரத்துல ஆரம்பிச்சா அவரே எழுந்து வந்து சிரிப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. லோரனுக்கு முப்பத்தெட்டு வயது. மினியாபொலிஸில் வீடுகளுக்கு வெப்பக் குழாய் போடுகிற வேலை. ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, எல்லாம் தெரிந்தும், டெல்மர் ஒரு கிளாஸ் நிறைய பீர் பிடித்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். லோரன் அதை ஒரு சாண் தள்ளிவைத்தான். "என் வீட்டு பீர் தொரைக்கு இறங்காதோ?" என்றார் டெல்மர். லோரன் பன்றிக்கறியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டித் திரும்பிப் போனான். அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு பேசவில்லை.

அவன் இப்போது அட்டைப்பெட்டியைக் கிளறினான். இரண்டு குழாய்களும் ஒன்றுபோல இல்லை. ஒன்று சாதாரண எவர்சில்வர் குழாய். மற்றதன் இடுப்பில், வேகத்தைக் கூட்டிக் குறைக்க, ஒரு சின்னத் திருகு இருந்தது. சுருட்டிய ட்யூப்களும் இரண்டு. ஒன்று சிறியது. மற்றது பாம்பு போலப் பல சுற்று. அதில் வெள்ளை நாடா ஒட்டி, டெல்மரின் கோணல் கையெழுத்தில் "2" என்று எழுதியிருந்தது.

லோரன் அந்த நீள ட்யூபைக் கைகளால் அளந்தான். இன்னொரு தடவையும் அளந்தான்.

"இது பீருக்கு இல்ல," என்றான்.

"பின்ன?"

"பீருக்கு ஆறடி போதும். இது இருபதுக்கு மேல இருக்கு. உள்ள கேஸ் அழுத்தம் ரெண்டு மடங்கு இருந்தாத்தான் இவ்வளவு நீளம் வேணும். சோடா மாதிரி ஏதாவது." அவன் குளிர்ப்பெட்டியைத் திறந்தான். பெரிய பீப்பாய்க்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஓர் உருளை நின்றது. அதை முன்னால் இழுத்து, மேலிருந்த ஒட்டுத்தாளைப் படித்தான். "ரூட் பீர்."

பெயரில்தான் பீர். நன்னாரி போல மணக்கிற கறுப்புச் சோடா அது. பிள்ளைகள் குடிப்பது. டெல்மர் அதை வாயில் வைத்து ஆர்லிஸ் பார்த்ததே இல்லை.

லோரன் குந்தியபடியே இருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் திறந்ததை அவள் பார்த்தாள். பத்து வயதில், தனக்காக வாங்கிய சைக்கிளைப் பின்கட்டில் பார்த்தபோது இருந்த முகம்.

"எப்போ வாங்கினாரு இதெல்லாம்?"

"ஈஸ்டருக்கு அப்புறம்," என்றாள் ஆர்லிஸ்.

எம்மெட் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் சொல்லணும். சொல்லாதேன்னு சொல்லியிருந்தாரு. மார்ச்சுல டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். இதயம் வீங்கியிருக்கு, குடியை அடியோட நிறுத்துங்கன்னாங்க. அண்ணன் வண்டியில வர்றப்போ, 'அப்ப நான் என்னத்தைக் குடிக்கிறது, பாலா?'ன்னு கேட்டாரு."



"என்கிட்ட சொல்லவே இல்லையே," என்றாள் ஆர்லிஸ்.

"சொன்னா நீங்க பீப்பாயை ரோட்டுல உருட்டி விட்டுருவீங்கன்னு பயம்."

"ஈஸ்டர்ல குடிச்சாரே? நாலு கிளாஸ் குடிச்சாரே?"

"குடிச்சாரு. நான் என்ன பண்ணட்டும்?"

அப்படியென்றால் இது அவருக்கா? நான்கு கிளாஸ் குடித்துக்கொண்டே, நிறுத்தப்போகிற நாளுக்காகக் கதவைத் துளைத்தாரா? அல்லது மகனிடம் வாயைத் திறந்து சொல்ல முடியாததை இருபதடி ட்யூபாக வாங்கி வைத்தாரா? நாற்பத்து நான்கு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர். ஆர்லிஸ் அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி மட்டும்தான் வந்தது.

லோரன் அவளைப் பார்த்தான். "உன்கிட்ட எதுவும் சொன்னாராம்மா? யாருக்குன்னு?"

உனக்குத்தான் என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கில் வந்துவிட்டது. யார் இல்லையென்று சொல்லப்போகிறார்கள்? எம்மெட்கூடத் தலையசைத்துவிடுவார். அதுவே உண்மையாகவும் இருக்கலாம்.

"கேட்டாரு," என்றாள். "ஒருநாள் ஏதோ கேட்டாரு. நான் கவனிக்கல லோரன். ம்னு சொன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எடுத்துக்கிட்டாரோ."

லோரன் எழுந்து அரத்தைத் தேடி எடுத்தான். தரையில் கதவுத் தகட்டின் சுருள்கள் இன்னும் கிடந்தன.

"சரி," என்றான். "சித்தப்பா, டார்ச்சைப் பிடிங்க."

புதுத் துளையின் பிசிரை அரத்தால் தேய்த்தான். குழாயைத் தாங்குகிற நீண்ட தண்டை வெளியிலிருந்து செருகி, உள்பக்கம் நட்டை இறுக்கினான். எம்மெட் அவசரப்பட்டுச் சாதாரணக் குழாயை எடுத்து அதில் பொருத்தப் போனார்.

"அது இல்ல, திருகு வெச்சது. சோடா வேகமா வரும், அடக்கிப் பிடிக்கணும்."

"எந்தக் குழாயில எது வந்தா என்னடா? ரெண்டும் எவர்சில்வர்."

"இந்த ட்யூப்ல ஒரு தடவை ரூட் பீர் ஓடிட்டா அந்த வாசம் போகவே போகாது சித்தப்பா. என்ன போட்டுக் கழுவினாலும் போகாது. அப்புறம் இதுல வேற எதுவும் ஊத்த முடியாது. அப்பாவுக்கு அது தெரிஞ்சுதான் தனியா வாங்கியிருக்காரு."

வளையத்தை இறுக்கும்போது லோரன் வலப்பக்கம் திருகினான். ஆர்லிஸும் எம்மெட்டும் ஒரே நேரத்தில், "அந்தப் பக்கம் இல்ல!" என்றார்கள். லோரன் திடுக்கிட்டு ஸ்பானரைக் கீழே போட்டான். எம்மெட்டுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மூன்று பேருக்கும் வந்தது. சிரிக்கச் சிரிக்க எம்மெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார், டார்ச் வெளிச்சம் கூரையெல்லாம் ஆடியது.

மறுநாள் எண்பது பேருக்கு மேல் வந்தார்கள். பன்றிக்கறி வைத்த பன்களும் சாலடும் தீர்ந்து, மார்வீன் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு ஓடிப்போய் இன்னொரு பாத்திரம் கொண்டுவந்தாள். முதல் குழாய்க்கு வரிசை நின்றது. எம்மெட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பீர் பிடித்துக் கொடுத்தார். இரண்டாவது குழாயைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

"டெல்மர் வீட்டுல ரூட் பீரா? இதுக்குத்தான் மனுஷன் செத்தே போயிட்டான்," என்றார் ஆலையில் கூட வேலை பார்த்த ஒருவர். சொல்லிவிட்டு ஆர்லிஸைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பேரப்பிள்ளைகளுக்காக இருக்கும் என்றாள் மார்வீன். ஆர்லிஸுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. போதகர், தனக்காகத்தான் என்று கொஞ்சம் வெட்கத்தோடு நம்பினார். போன மாதம் இங்கே வந்தபோது தண்ணீர் மட்டும் குடித்தாராம். ஆர்லிஸ் எல்லோரிடமும், "இருக்கும்," என்றாள். லோரன் மேலே சமையலறையில் நின்று, சட்டைக் கையோரம் நனைய, தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தான். கீழே வரவில்லை.

நாலரை மணிக்குக் கடைசி வண்டியும் கிளம்பியது. எம்மெட் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். கிளாஸ்களைச் சேகரிக்க ஆர்லிஸ் தட்டை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். சேகரிக்கவில்லை. சுத்தமான கிளாஸ் ஒன்றை எடுத்து, குளிர்ப்பெட்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டாவது குழாயின் கைப்பிடியைப் பயந்து பயந்து முன்னால் இழுத்தாள். அது சீறியது. நுரை கிளாஸில் பாதியும் கறுப்பு உடையில் பாதியுமாகத் தெறித்தது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டாள்.

"முழுசா இழுக்கணும்மா," என்று பின்னால் லோரனின் குரல் கேட்டது. படியில் நின்றிருந்தான், தோளில் துண்டு. "பாதி இழுத்தா நுரைதான் வரும்."

"இத்தனை வருஷத்துல நான் இதைத் தொட்டதே இல்ல."

"தெரியும். இழு."

முழுவதும் இழுத்தாள். கறுப்பாகக் கீழே இறங்கியதைவிட நுரைதான் அதிகம். கிளாஸ் விளிம்புவரை பழுப்பு நுரை எழும்பி நின்றது. நிலவறை முழுக்க நன்னாரி வாசம். லோரன் வந்து துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, கிளாஸை வாங்கிப் படிமேல் வைத்தான். இருவரும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

நுரை மெதுவாக, ஒவ்வொரு குமிழாக, இறங்கத் தொடங்கியது.