இந்த வருஷம் கூடியது

“சம்பளம் வீட்டுக்கு. வருஷா வருஷம் கூடுறது உமக்கு,” என்றார் இராசதுரை.

“கூடாட்டி?”

“கூடும். கவுண்மேந்து உத்தியோகம் எண்டா சும்மாவே? நான் மேசையில தலை வச்சு நித்திரை கொண்டாலும் கூடும்.”

கலியாணமாகி இரண்டாம் மாதம் நடந்த கதை அது. உமக்கு என்ன வேணும் என்று அவர் கேட்டார்; கமலாதேவி ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்கு அவராகவே கண்டுபிடித்த ஏற்பாடு இது. காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்த முப்பது வருஷமும் அவர் சொல் தவறவில்லை. கூடியது நூறு ரூபாயாக இருந்தாலும் தனியாக மடித்து அவள் கையில் வைப்பார். அதில் சேலை வாங்கினாளா, மகள் லோஜினிக்குச் சப்பாத்து வாங்கினாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வழக்கம் தடுமாறியது. ஓய்வூதியம் சம்பளம் போல வருஷத்துக்கு வருஷம் தானாக ஏறுவதில்லை. மாவும் மருந்தும் தம்பாட்டில் ஏறிக்கொண்டிருக்க, மேலிடத்துக்கு மனம் வரும் வருஷத்தில் ஒரு சுற்றறிக்கை வரும். இந்த வருஷம் அதுவும் வரவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மீன் சந்தையில் ஸைனுலாப்தீனைக் காணும்வரை.

அவர் கிண்ணியாக்காரர். இராசதுரையோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்து, ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர். “என்ன தங்கச்சி, இன்னும் சூடைமீனிலயே நிக்கிறீங்க? பென்சனக் கூட்டியாச்சி. ஒரு பாரை வாங்குங்களன்!”

“எப்ப கூட்டினவை?”

“மூணு மாசமாகுது. ராசதுரை சொல்லல்லயா?”

“சொன்னவர், சொன்னவர். நான்தான் மறந்துபோனன்.”

ஸைனுலாப்தீன் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் ஏதோ இருப்பதாக அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் மாதம் பத்தாம் திகதி பாங்குக்குப் போனால் பதினொரு மணிக்குள் வந்து தேத்தண்ணி கேட்பார். இப்போது மூன்று மாதமாக மாலை ஆகிறது. கேட்டால் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் என்கிறார். கூட்டத்துக்குப் போன மனிதரின் வேட்டிக் கரையில் செம்மண் எப்படி வந்தது? கையில் தயிர்ச் சட்டி எதற்கு? அவள் அலுமாரியைத் திறந்து அவருடைய சேட்டுப் பைகளைத் துழாவினாள். மூன்றாவது சேட்டில் ஒரு பஸ் ரிக்கற் இருந்தது. வெருகல்.

தங்களுக்குக் கலியாணம் நடந்த ஊருக்கு ஒரு மனுஷன் மனைவிக்கு மறைத்து எதற்குப் போவான்? முழங்காலுக்கு எண்ணெய் பூசாமல் கட்டிலை விட்டு எழும்ப ஏலாத மனுஷன்தான். அதனால் என்ன, ஆண்பிள்ளைதானே? நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பத்தாம் திகதி அவர் படலையைச் சாத்திப் போனதும், சேலையை மாற்றிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனாள்.

ஓய்வூதியப் பகுதியில் நிவேதிகா என்ற பிள்ளை இருந்தாள். “காணிக் கந்தோர் இராசதுரையின்ர மனிசி நான்,” என்று கமலாதேவி சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் ஒருமாதிரிப் போனது.

“ஐயா சொல்லிப்போட்டாரே, அம்மா? உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவர்.”

“சொன்னவர்,” என்றாள் கமலாதேவி. பொய் இப்போது சரளமாக வந்தது.

“அப்ப சரி. ஃபைலில மனைவி எண்ட இடத்தில உங்கட பேர் இல்லை. விவாகப் பதிவு இல்லாமப் போட ஏலாது. கோயிலில கட்டினதுக்குச் சாட்சி ஆராவது இருக்கினமோ எண்டுதான் ஐயா தேடித் திரியிறார். இனிமேல் பதிஞ்சாலும் அவருக்குப் பிறகு உங்களுக்கு ஓய்வூதியம் வருமோ எண்டது, மேலிடத்தைத்தான் கேக்கோணும்.”

அவர்களுக்குக் கலியாணம் நடந்த வருஷம் சண்டை. பதிவாளர் கந்தோர் பூட்டிக் கிடந்தது. கோயிலில் தாலி ஏறியது, எழுத்து என்கிற விவாகப் பதிவு நடக்கவில்லை. பிறகு எழுதலாம் என்றார் அவர். அந்தப் பிறகு வரவேயில்லை. லோஜினியின் பிறப்புச் சான்றிதழில் ‘பெற்றோர் விவாகமானவர்களா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அழகான கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அதை வாசித்தவள், வாசிக்காதவள் போல மடித்து வைத்தாள். அவரிடம் கேட்க வாயெடுத்த நாட்களை அவளால் எண்ண முடியாது. ஒன்றும் வேண்டாம் என்று பெயரெடுத்தவள் எப்படிக் கேட்பாள்?

மாலையில் பஸ் நிலையத்தில் காத்து நின்றாள். இராசதுரை இறங்கி, அவளைக் கண்டு திகைத்தார். “நீர் எங்க இஞ்ச? நான் சங்கக் கூட்டத்தால…”

“வெருகலில ஆர் இன்னும் உயிரோட இருக்கினம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயர் இல்லை. மேளமடிச்ச வீரக்குட்டி இருக்கிறார். கண் தெரியாது. ஆனா உம்மட கூறைச் சேலை என்ன நிறம் எண்டு சொன்னவர். கூடின காசில அவருக்கு மருந்து வாங்கிக் குடுக்கிறன்.”

“சாட்சிக்குக் கூலியே?”

“அப்பிடித்தான் நினைப்பினம். சாட்சி சொல்லாட்டியும் குடுப்பன், கமலா. நான் போனா உமக்கு ஒரு சதமும் வராது. அதை எந்த முகத்தோட உம்மட்டச் சொல்லுறது?”

காசுக்குத்தானா இவ்வளவு ஓட்டமும்? காசின் கதை வராவிட்டால் இன்னும் முப்பது வருஷம் பேசாமல் இருந்திருப்பாரா? முள் இன்னும் இருந்தது, இடம்தான் மாறியிருந்தது. கொழும்பு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவனின் சத்தத்துக்கு மேலாக, தன் குரல் உயர்வதை அவளே கேட்டாள்.

“பென்சன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கு எழுத்து வேணும். பதிவாளருக்கு முன்னால, நீங்களும் நானும் இருந்து. எனக்கு அது வேணும்.”

அந்த ஊர் வீதிகளில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் இரண்டு, வீதியோரத்தில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தவை, தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தன.