மாப்பிள்ளைக்கு வாங்கிய வைன்

விலை குறைவாக இருக்க வேண்டும், குறைவு என்று தெரியக் கூடாது. இதைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள் நான். வைன் என்பது வெள்ளைச் சட்டையில் கொட்டினால் லேசில் போகாத கறை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"விருந்துக்கா அக்கா? என்ன சமைக்கிறீங்க?"

"கோழி. மாப்பிள்ளை வர்றார். ஒரு கிளாஸோட அவர் எந்திரிக்கக் கூடாது, அப்படி ஒண்ணு குடுங்க."

"மாமியார்னா இப்படில்ல இருக்கணும்!"

அவருக்கு என்ன தெரியும்? விடுமுறை என்றுதான் பேர். மதியம் சாப்பிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிடுவாள் என் மகள். கல்யாணமானதிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் வருகிறாள். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தாலும் காரைத் தொட மாட்டாராம், அவளே போனில் பெருமையாகச் சொன்னது. சரி, குடிக்கட்டும். ஒரு ராத்திரி தங்கட்டும். விளக்கை அணைத்த பிறகும் அவளோடு பேசிக்கொண்டே படுத்திருக்க வேண்டும். அந்த ஏக்கத்தில் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "இந்த விலைல சிவப்பு வேண்டாம்க்கா, தொண்டையப் பிடிக்கும். இது வெள்ளை. நல்லா ஜில்லுனு குடுங்க, மலிவுன்னு நாக்குக்கே தெரியாது."

"ரெண்டா குடுங்க."

விருந்தன்று மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "அத்தை, எங்க பிடிச்சீங்க இத?"

எனக்கு வாயெல்லாம் பல். கிளாஸ் காலியாக விடவில்லை. மகள் மட்டும், "எனக்குத் தண்ணி போதும்மா" என்றாள். அவளுக்குப் பிடிக்காது போல என்று விட்டுவிட்டேன். இரண்டாவது பாட்டிலைத் திறந்ததும் உள்ளே போய் அவர்களுக்குப் படுக்கையை விரித்துவிட்டு வந்தேன்.

"ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?"

"ராத்திரிக்கா? நாங்க கிளம்பணும்மா."

"நல்லாருக்கே! மாப்பிள்ளை இருக்கிற இருப்புல வண்டிய யாரு ஓட்டுறது?"

"நான்தான்." பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

சைக்கிளில் ஏறவே அழுதவள் இவள். "நீயா? எப்பக் கத்துக்கிட்டே?"

"அது ஆச்சும்மா ரெண்டு வருஷம். உன்கிட்ட சொன்னேனே?"

சொல்லவில்லை. வேறு யாரிடமோ ஆசையாகச் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இவ ஓட்டினா நான் நிம்மதியா தூங்கிடுவேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை, சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டபடி.

எங்கள் சந்தில் பழகிய டிரைவர்களே திணறுவார்கள். அவள் ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் திருப்பினாள். எனக்குப் பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

இருந்துட்டுப் போடி. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"பாத்து ஓட்டு" என்றேன்.

"சரிம்மா" என்று கண்ணாடியை ஏற்றினாள்.