நலமடைந்தோர் எண்ணிக்கை

விண்ணப்பத்தின் ஏழாவது பக்கத்தில் ‘நலமடைந்தோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பூஜ்யம் போட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. காலியாக விட்டாலும் நகரவில்லை. கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்து நின்றது. ஐந்து மணிக்கு, எங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளையின் இணையதளம் மூடிவிடும். அப்போது மணி நாலு பத்து. கீழே ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடும் அதிர்வு தரை வழியாக ஏறி என் நாற்காலியில் தெரிந்தது.

எங்கள் அமைப்பு செய்கிற வேலையில் யாரும் எழுந்து நடப்பதில்லை. படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீட்டுக்கு சிஸ்டர் ஸ்கூட்டரில் போவார். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவார், சிறுநீர்க் குழாயை மாற்றுவார், ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லித்தருவார். அறுபத்தொரு வீடுகள். ஒருவர் போனால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து இன்னொருவர் வருவார். நான் முன்பு கீழே அந்த ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். இவர்களுடைய விண்ணப்பங்களை அடித்து அடித்து, ஒருநாள் மாடியேறி இவர்களோடேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருஷமாயிற்று. முன்பெல்லாம் எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். இந்த வருஷம் எத்தனை பேர் நலமடைந்தார்கள் என்று கேட்டார்கள்.

நான் ‘1’ என்று அடித்தேன். பக்கம் உடனே நகர்ந்தது. அடுத்த பக்கம் அந்த ஒருவரின் கதையைக் கேட்டது.

எனக்கு ஏர்பிரேக் ஞாபகம் வந்தது. லாரி ஓட்டியவர். லோடு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து, நாலு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எதைச் சொல்வதற்கு முன்னும் லாரி பிரேக் போல ‘ஷ்ஷ்’ என்று ஒரு பெருமூச்சு விடுவார், அதனால் அந்தப் பெயர். பதினாலு மாதம் சிஸ்டர் விடாமல் கட்டியதில் அவருடைய அடிமுதுகுப் புண் அந்த வாரம்தான் மூடத் தொடங்கியிருந்தது. ‘படுக்கையிலிருந்து மீண்டு, இப்போது தானே எழுந்து உட்கார்கிறார்’ என்று எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக எழுத வருகிறதே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து போன். எல்லாம் திருப்தி, நலமடைந்தவரை நேரில் பார்த்தால் போதும் என்றார்கள்.

சிஸ்டர் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். “ஏம்மா, அந்தாளுக்கு எது குணமாச்சு? புண்ணு மேல இப்பதான் வெங்காயச் சருகு மாதிரி தோல் வந்திருக்கு. உக்கார வச்சா போச்சு.”

“தப்புதான் சிஸ்டர். இப்ப போய் இல்லைன்னு சொன்னா அறுபத்தொரு வீட்டுக்கும் போச்சே.”

சிஸ்டர் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். எதையும் எடுக்கவில்லை. “பத்து நிமிஷம். அதுக்கு மேல ஆச்சுன்னா நானே தூக்கிப் படுக்க வச்சிருவேன், எதிர்ல எவ்வளவு பெரிய ஆள் இருந்தாலும் சரி.”

ஏர்பிரேக்கிடம் போய், நான் எழுதியதையும் அவர் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஷ்ஷ்... அவ்வளவுதானா? ஓடிக் காட்டணுமோன்னு பயந்துட்டேன். இருவது வருஷம் உக்காந்தே சம்பாதிச்சவன் நான், தங்கச்சி. எனக்கு உக்காரச் சொல்லிக் குடுக்கறீங்களா?” ஜன்னலோரத்தில் அவர் மனைவி நைட்டிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் நின்றது. “உங்களுக்குப் பரவாயில்லையா அண்ணி?” என்றேன். “அவரே சரின்னுட்டாரே,” என்று மறுபடி மிதித்தார். முகத்தைத் திருப்பவில்லை.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அறக்கட்டளை மதிப்பீட்டாளர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். அதற்குள் வேறொரு வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டு ஆள் துடிப்பதாகப் போன் வந்து, சிஸ்டர் போய்விட்டிருந்தார். போகும்போது ஸ்கூட்டரில் ஏறியபடி என்னிடம் இரண்டு கையின் விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்து.

கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தூக்க, அண்ணி கால்களைப் பிடிக்க, அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். இரண்டு பக்கமும் தலையணை. இஸ்திரி போட்ட சட்டை. மழித்த முகம் ஆளையே மாற்றியிருந்தது. வந்தவள் நல்ல பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கொடுத்த ஸ்டூலை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “இப்ப எப்படி சார் இருக்கீங்க?” என்றாள். “இன்ஜின் நல்லா ஓடுதும்மா. டயர்தான் ரெண்டும் பஞ்சர்,” என்றார். அவள் தும்மலும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் பேசத் தொடங்கினார். மலைப்பாதையில் பனி இறங்கி எட்டு மணி நேரம் நின்றது, தக்காளி லோடு கவிழ்ந்து ஊரே பொறுக்கியது, தூக்கம் வராமலிருக்க மிளகாயைக் கடித்தது. நாலு வருஷத்தில் உட்கார்ந்து கதை கேட்க அவருக்குக் கிடைத்த முதல் ஆள் அவள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம், இருபது. அண்ணி கதவருகே நின்று என்னையே பார்த்தார். நான் எழுந்து “அவர் கொஞ்சம் படுக்கட்டும்” என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. ஆனால் அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். பேனா நகர நகர, ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டுக்கு ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. அவருக்கு வலித்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். வலிக்கத்தான் வழியில்லையே.

அவள் கிளம்பும்போது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. படுக்கையில் கிடத்திச் சட்டையைக் கழற்றியபோது நாற்காலித் துணியில் ஈரம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு.

மறுநாள் காலை சிஸ்டர் போனில் “திறந்துடுச்சு” என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த பத்து நாளில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு, ஆள் பாதியாகத் திரும்பினார்.

அவர் வீட்டுக்கு வந்த வாரம் அறக்கட்டளையின் கடிதமும் வந்தது. வாழ்த்துகள் என்று தொடங்கியது. எங்கள் வெற்றிக் கதை குழுவினரை நெகிழவைத்ததாம். அந்த ஊக்கத்தில், வரும் இரண்டு வருஷத்து நிதி ஆறு மாதத்துக்குள் தேறக்கூடியவர்களுக்கு மட்டும். மற்றவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஏற்கெனவே நலமடைந்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிஸ்டருக்கு வாரம் இரண்டு நாள் சம்பளம். எப்படிப் படித்தாலும் எங்கள் ஆட்களுக்கு இரண்டு கதவுதான் இருந்தது, இரண்டும் வெளியே போகிற கதவு.

நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “மேடம், அவர் குணமாயிட்டார்னு எழுதினது நீங்க. நானும் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப மாத்தினா மொத்தமும் நின்னுடும்,” என்றாள். பிறகு மெதுவாக, “நீங்க இதை எங்கிட்ட சொல்லலைன்னு வச்சுக்கறேன்” என்றாள்.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தார். மற்ற நாட்களுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னார். “ஏர்பிரேக்குக்கு ஞாயித்துக்கிழமை நான் போறேன். சம்பளம் வேண்டாம். மத்த நாளு?” என்றார். அது கேள்வி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை போனேன். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கதவைத் திறந்த அண்ணியிடம் நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல முடியாதென்று. உள்ளே ஒருக்களித்துப் படுத்திருந்தவருக்கும் கேட்டது.

“குணமானவங்க லிஸ்ட்ல இருக்கேனாக்கும்,” என்றார். குரல் வறண்டிருந்தது. “கொஞ்சம் மோசமா உக்காந்திருக்கணும். ரொம்ப நல்லா உக்காந்துட்டேன்.”

அண்ணி தையல் மெஷின் மேலிருந்த துணிகளை ஒதுக்கி, கட்டுத்துணியையும் மருந்தையும் எடுத்து வைத்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். என்னைப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து, குழாயடியில் எனக்கு இடம் விட்டார். “பிடிச்சுக்கறீங்களா? ஒரு ஆள் போதல.”

இந்தப் புண்களைப் பற்றி ஒன்பது வருஷம் எழுதியிருக்கிறேன். நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட ஆளைப் பிடித்ததில்லை. ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து அவரை என் பக்கமாகச் சாய்த்தேன். மெலிந்துவிட்டாரே என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு கனம். அண்ணி பழைய கட்டைப் பிரித்தபோது நான் சுவரைப் பார்த்தேன், பிறகு பார்க்கத்தான் வேண்டும் என்று பார்த்தேன். என் உள்ளங்கையை வைத்தாலும் புண் மறையாது.

“பிடிச்சிருக்கீங்களா தங்கச்சி?” என்று கேட்டார். தோளில் இருந்த கை அவருக்குத் தெரிந்தது. இடுப்பில் இருந்தது தெரியவில்லை.

“பிடிச்சிருக்கேன் அண்ணே.”

“விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம்தான்,” என்றார் அண்ணி. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு அவர் இடுப்பில் விழுந்து, மெதுவாக உருண்டு, விரிப்பில் இறங்கியது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.